வேறொரு கிரகத்தில் சாதாரணமாக வாழ்வது: பால்புதுமையினர் ஊகப் புனைவுக்கு ஓர் அறிமுகம்

1950களின் அமெரிக்காவில் இரண்டு பெண்களின் காதலை வைத்து ஒரு நாவல் எழுதினால் அதை வாங்கப் பதிப்பகங்கள் இருந்தன. மலிவுப் பதிப்பாகப் போட்டு லட்சக்கணக்கில் விற்றார்கள். ஆனால் கடைசி அத்தியாயத்தில் அந்த இருவரில் ஒருத்தி சாக வேண்டும், அல்லது மனநல விடுதிக்குப் போக வேண்டும், அல்லது ‘திருந்தி’ ஓர் ஆணைக் கட்டிக்கொள்ள வேண்டும். எழுதியவர்கள் ஆசைப்பட்டு வைத்த முடிவுகள் இல்லை இவை. புத்தகங்கள் தபாலில் போயின. ஆபாசம் என்று தபால் துறை சொல்லிவிட்டால் கட்டுக்கட்டாக முடங்கிவிடும். காதலர்கள் கடைசிவரை சேர்ந்து சந்தோஷமாக இருந்துவிட்டால் அந்த வாழ்க்கைக்கு வக்காலத்து வாங்கியதாகிவிடும் என்று பதிப்பாசிரியர்கள் அஞ்சினார்கள்.

அதே கடைகளில் ராக்கெட் படம் போட்ட கதை இதழ்களும் தொங்கின. அவற்றின் ஆசிரியர்கள் ஒன்றும் பெரிய தைரியசாலிகள் இல்லை. ஆனாலும் அங்கே எழுதுகிறவருக்கு ஒரு வசதி இருந்தது. கதை பூமியில்தான் நடக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. பூமியை விட்டுக் கிளம்பிவிட்டால் பூமியின் சட்டத்தையும் சம்பிரதாயத்தையும் கூடவே தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. இந்த வசதியைப் பிடித்துக்கொண்டு வளர்ந்த ஓர் எழுத்து வகையைப் பற்றியும், அதைக் கைமாற்றிக் கைமாற்றிக் காப்பாற்றியவர்களைப் பற்றியும்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

முதலில் பெயர்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். ‘இப்படி இருந்தால் எப்படி இருக்கும்?’ என்று கேட்டு, நாம் வாழும் உலகின் ஏதோ ஒரு விதியை மாற்றி எழுதப்படும் கதைகள் எல்லாம் ஊகப் புனைவு. அறிவியல் புனைகதை, மாயாஜாலக் கதை, பேய்க்கதை, வேறு விதமாக நடந்திருக்கக்கூடிய வரலாறு என எல்லாம் இதற்குள் அடங்கும். எல்ஜிபிடி என்றும், தமிழில் இப்போது பால்புதுமையினர் என்றும் சொல்லப்படுபவர்கள் யார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்: தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு உள்ளவர்கள், திருநர்கள், ஆண் பெண் என்ற இரண்டு பெட்டிக்குள்ளும் அடங்காதவர்கள். இவர்கள் நடுநாயகமாக இருக்கும் ஊகக் கதைகளும், பாலினம் என்றால் என்ன, யார் யாரைக் காதலிக்கலாம் என்ற கேள்வியையே உலகமாகக் கட்டிக் காட்டும் கதைகளும் சேர்ந்ததுதான் இந்த வகை. எழுதுகிறவர் பால்புதுமையினராக இருந்தே ஆக வேண்டும் என்று இல்லை. ஆரம்பகாலப் படைப்புகளில் மிகவும் பேசப்பட்ட இரண்டை எழுதியவர்கள் ஆண் பெண் திருமண வாழ்க்கை வாழ்ந்தவர்கள்தான்.

அவர்களில் ஒருவர் தியடோர் ஸ்டர்ஜன். 1953இல் ‘த வேர்ல்ட் வெல் லாஸ்ட்’ என்று ஒரு சிறுகதை எழுதினார். எங்கிருந்தோ இரண்டு வேற்றுக்கிரகவாசிகள் பூமிக்கு வருகிறார்கள். ஒருவரையொருவர் அவ்வளவு நேசிக்கிறார்கள். பார்ப்பவர்களுக்கே மனசு நிறைகிறது, ஊரெல்லாம் அவர்களைக் கொண்டாடுகிறது. அப்புறம் டிர்பானு என்ற கிரகத்திலிருந்து செய்தி வருகிறது: அந்த இருவரும் எங்கள் நாட்டுக் குற்றவாளிகள், திருப்பி அனுப்புங்கள். டிர்பானு மனிதர்களை எப்போதுமே அருவருப்போடு ஒதுக்கி வைத்திருந்த கிரகம். அதன் தயவு கிடைக்குமே என்று பூமி சம்மதிக்கிறது. இருவரையும் சிறையில் அடைத்து ஒரு விண்கலத்தில் ஏற்றுகிறார்கள்.

கலத்தில் மனிதர்கள் இரண்டே பேர். கேப்டன் ரூட்ஸ் சின்ன உருவம், வாய் ஓயாது, போகும் இடமெல்லாம் பெண்களைப் பற்றியே பேச்சு. கூட இருக்கும் க்ரன்டி பெரிய உருவம், வாயே திறக்க மாட்டார், மனசுக்குள் மட்டும் கவிதை கவிதையாக ஓடிக்கொண்டிருக்கும். கைதிகள் மனதில் இருப்பதைப் படிப்பவர்கள் என்று தெரிந்ததும் க்ரன்டி நடுங்கிப்போகிறார். தன் ரகசியம் தெரிந்துவிட்டதே என்று அவர்களைக் கொல்லவும் துணிகிறார். அவர்கள் படம் வரைந்து காட்டுகிறார்கள். டிர்பானுவில் ஆணும் பெண்ணும் ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாத உருவம். இந்த இரண்டு கைதிகளோ ஒரே பால். அதுதான் அவர்கள் செய்த குற்றம். டிர்பானுக்காரர்கள் ஏன் மனிதர்களை வெறுத்தார்கள் என்பதற்கும் விடை அந்தப் படத்திலேயே இருக்கிறது. அவர்கள் கண்ணுக்கு மனித ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி தெரிகிறார்கள். நம் எல்லாக் கல்யாணங்களும் அவர்களுக்கு ஒரே பால் கல்யாணமாகத் தெரிகின்றன. க்ரன்டி இருவரையும் தப்பவிடுகிறார். ரூட்ஸைத் தான் காதலிப்பதை ரூட்ஸிடம் சொல்லாமலே இருந்துவிடுகிறார்.

சாதாரணமாக வாழும் ஆண் பெண் தம்பதியைக் கூட ‘அருவருப்பு’ என்று பார்க்க ஒரு கண் இருக்க முடியும் என்று காட்டுகிறது இந்தக் கதை. மேடைப் பேச்சில் இதைச் சொன்னால் வாதம் வரும். கதையில் சொன்னதால், படிப்பவர் ஒரு நிமிடமாவது டிர்பானுக்காரரின் பார்வைக்குக் கீழே நின்றுவிடுகிறார். ஊகப் புனைவின் முதல் கருவி இதுதான், பார்க்கும் இடத்தை மாற்றிவைப்பது. 1953இல் அமெரிக்க அரசே தன்பாலீர்ப்பு உள்ளவர்களை வேலையிலிருந்து நீக்கிக்கொண்டிருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படித்தால் இந்தக் கதையின் துணிச்சல் புரியும்.

இரண்டாவது கருவி உடம்பையே மாற்றுவது. 1969இல் உர்சுலா கே. லெ குவின் எழுதிய ‘த லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்’ நாவல் கெத்தென் என்ற பனிக் கிரகத்தில் நடக்கிறது. அங்கே யாரும் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. மாதத்துக்கு ஒரு முறை, சில நாட்கள் மட்டும், உடம்பு ஏதாவது ஒரு பாலாக மாறும். எந்தப் பாலாக மாறும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. மூன்று பிள்ளைகளைப் பெற்ற தாய் வேறு இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனாகவும் இருக்கலாம். நாட்டின் ராஜாவே கர்ப்பமாகிறார், ஊரும் அதை இயல்பாக எடுத்துக்கொள்கிறது. பூமியிலிருந்து தூதராக வந்த ஜென்லி ஐ என்பவருக்குத்தான் எதுவும் பிடிபடவில்லை. யாரைப் பார்த்தாலும் இவர் ஆணா பெண்ணா என்று அவர் மனம் தேடிக்கொண்டே இருக்கிறது. அந்தத் தேடலே அவர் கண்ணை மறைக்கிறது. எஸ்ட்ராவென் என்ற ஒருவர் உயிரைப் பணயம் வைத்து உதவுவதைக்கூட அவர் சந்தேகப்படுகிறார். கடைசியில் இருவரும் ஒரே கூடாரத்தில், பனிப்பாறை வெளியைக் கடந்து பல வாரங்கள் நடக்கும்போதுதான் எஸ்ட்ராவெனை முழு மனிதராகப் பார்க்க அவருக்கு முடிகிறது. அந்தப் பனிப் பயணப் பகுதிக்காகவே இந்த நாவலை எத்தனை முறை வேண்டுமானாலும் படிக்கலாம் என்பேன். ஹியூகோ, நெபுலா ஆகிய இரண்டு பெரிய விருதுகளும் இதற்குக் கிடைத்தன.

ஆனால் இந்த நாவலைப் பற்றி நான் இங்கே சொல்ல நினைத்தது விருதை அல்ல, அதற்குப் பின்னால் நடந்த சண்டையை. கெத்தென் மக்கள் எல்லோரையும் லெ குவின் ‘அவன்’ என்றே எழுதியிருந்தார். ஆங்கிலத்தில் நம் ‘அவர்’ போல ஒரு சொல் அப்போது கைவசம் இல்லை, அதனால் பொதுவாக ஆண்பாலை எடுத்துக்கொண்டேன் என்றார். விமர்சகர்கள் விடவில்லை. பாலினமே இல்லாத உலகம் என்கிறீர்கள், படித்தால் எல்லோரும் ஆம்பிளைகளாகவே மனதில் நிற்கிறார்களே என்று கேட்டார்கள். 1976இல் ஒரு கட்டுரையில் அவர் தன் பக்கத்தை விளக்கினார். பத்தாண்டு கழித்து அதே கட்டுரையைத் திரும்ப வெளியிட்டபோது, பழைய வரிகளை அழிக்காமல் பக்கத்திலேயே தன் மறுப்பையும் சேர்த்து அச்சிட்டார். ‘அவன்’ என்று எழுதியது தவறு என்றார். அந்த மக்களின் உறவை எப்போதும் ஆணாக மாறியவருக்கும் பெண்ணாக மாறியவருக்கும் இடையில் மட்டுமே வைத்தது தேவையில்லாத பூட்டு என்றும் ஒப்புக்கொண்டார். 1995இல் மறுபடி கெத்தெனுக்குப் போய் ஒரு சிறுகதை எழுதியபோது அந்தப் பூட்டைத் திறந்துவிட்டார். புகழின் உச்சியில் இருந்த ஒருவர் வாசகர்கள் சொன்னதைக் கேட்டு, தான் கட்டிய உலகத்தையே திருத்தியிருக்கிறார். இந்த வட்டத்தின் குணம் இதிலேயே தெரிந்துவிடும். ஒரு கதைக்கு இன்னொரு கதையால் பதில் சொல்வார்கள். அந்தப் பதிலுக்கும் ஒரு பதில் வரும். 2013இல் ஆன் லெக்கி ‘ஆன்சிலரி ஜஸ்டிஸ்’ நாவலில் ஒரு விண்வெளிப் பேரரசு முழுவதையும், தளபதியிலிருந்து கடைநிலைச் சிப்பாய் வரை, ‘அவள்’ என்றே எழுதினார். 44 வருடம் கழித்து வந்த பதில் என்றே அதை நான் படிக்கிறேன். அதுவும் ஹியூகோ, நெபுலா இரண்டையும் வாங்கியது.

இதற்கிடையில் ஜோனா ரஸ். லெ குவின் அளவுக்கு நம்மிடையே பெயர் பரவாதவர், ஆனால் என் கணக்கில் இந்த வகையின் மிகக் கூர்மையான பேனா இவருடையது. தன்பாலீர்ப்புள்ள பெண். 1972இல் வந்த ‘வென் இட் சேஞ்ச்டு’ சில பக்கங்களே உள்ள சிறுகதை. வைல்அவே என்ற கிரகத்தில் நோய் ஒன்று பரவி ஆண்கள் எல்லோரும் இறந்து முப்பது தலைமுறை ஆகிவிட்டது. பெண்கள் மட்டும் வாழ்கிறார்கள். கல்யாணம் செய்கிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள், வயலில் வேலை செய்கிறார்கள், சண்டை போடுகிறார்கள். கதை சொல்லும் ஜேனட்டுக்கு கேட்டி என்ற மனைவியும் யுகி என்ற பன்னிரண்டு வயது மகளும் உண்டு. ஒரு நாள் பூமியிலிருந்து நான்கு ஆண்கள் வந்து இறங்குகிறார்கள். மரியாதையாகத்தான் பேசுகிறார்கள். ஆனால் உங்கள் ஆட்கள் எல்லாம் எங்கே என்று கேட்கிறார்கள். எதிரில் நிற்பவர்கள் அவர்களுக்கு ஆட்களாகப் படவில்லை. கேட்டி துப்பாக்கியைத் தூக்குகிறாள், ஜேனட் தட்டிவிடுகிறாள். பின்னாளில் அதை நினைத்து அவள் வருந்துவதில்தான் கதையின் கனம் இருக்கிறது. முப்பது தலைமுறையாகக் கட்டிய வாழ்க்கை இனி ‘குறையுள்ள’ வாழ்க்கை என்று பெயர் வாங்கப்போகிறது என்பது அவளுக்குப் புரிந்துவிடுகிறது. இதைப் படித்து முடித்த பிறகு, ‘இன்னும் ஒரு துணை அமையவில்லையா?’ என்று யாராவது யாரையாவது கேட்கும்போது என் காதில் வேறு மாதிரி விழுகிறது.

சாமுவேல் ஆர். டிலேனி இன்னொரு திசையில் போனார். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 1942இல் பிறந்த கறுப்பினத்தவர், ஆண்களை நேசிப்பவர். 1967இல் எழுதிய ‘ஐ, அண்ட் கொமோரா’ சிறுகதையில் விண்வெளி வேலைக்குப் போகிறவர்களுக்குப் பருவம் வரும் முன்பே உடம்பை மாற்றிவிடுகிறார்கள், கதிர்வீச்சால் கெட்டுப்போவதற்கு இனப்பெருக்க உறுப்பே இருக்கக் கூடாது என்பதற்காக. ஆண் பெண் அடையாளம் இல்லாத அந்த விண்வெளிக்காரர்கள் மீது மட்டுமே ஆசை கொள்ளும் மனிதர்களும் அந்த உலகத்தில் உருவாகிவிடுகிறார்கள். இஸ்தான்புல் தெரு ஒன்றில் அப்படிப்பட்ட ஓர் இளம்பெண்ணும் ஒரு விண்வெளிக்காரரும் பேசிக்கொள்வதுதான் கதை. அவளுக்கு வேண்டியதைத் தர அவரால் முடியாது. முடியாததால்தான் அவளுக்கு அவரைப் பிடித்திருக்கிறது. இருவருக்கும் அது தெரியும். யார் மீதும் பழி போடாமல், யாருக்கும் பரிதாபப்படாமல், இருவரின் தனிமையையும் அருகருகே வைத்துக் காட்டுகிறது கதை. டிலேனிக்கு வேறு ஒரு சுவரும் இருந்தது. அவருடைய ‘நோவா’ நாவலைத் தொடராகப் போட மறுத்த புகழ்பெற்ற ஆசிரியர் ஜான் டபிள்யூ. கேம்ப்பெல், கறுப்பினக் கதாநாயகனோடு தன் வாசகர்கள் ஒன்ற மாட்டார்கள் என்று காரணம் சொன்னதாக டிலேனி பின்னால் எழுதியிருக்கிறார். 1984இல், எய்ட்ஸ் நோயால் நியூயார்க் நண்பர்கள் செத்துக்கொண்டிருந்தபோது, ஒரு கற்பனை நகரத்தின் கொள்ளைநோயையும் நிஜ நியூயார்க்கையும் மாற்றி மாற்றிப் பின்னி ஒரு குறுநாவல் எழுதினார். எய்ட்ஸைப் பற்றி வந்த மிக ஆரம்பகாலப் புனைவுகளில் அதுவும் ஒன்று. அந்த நேரத்தில் மாயாஜாலக் கதை ஒன்று செய்தித்தாளை விட வேகமாக ஓடியிருக்கிறது.

பேய்க்கதைப் பக்கம் நிலைமை தலைகீழ். அங்கே தன்பாலீர்ப்பு முதலிலேயே இருந்தது, ஆனால் பேயின் வடிவில். 1872இல், டிராகுலா வருவதற்கு 25 வருடம் முன்பே, அயர்லாந்தின் ஷெரிடன் லெ ஃபானு எழுதிய ‘கார்மில்லா’வில் ஓர் இளம்பெண்ணைத் தேடி வரும் ரத்தக்காட்டேரியும் பெண்தான். வர்ணனைகள் எல்லாம் காதல் வர்ணனைகள். முடிவில் கழுமரம் அடித்துத் தலையை வெட்டுகிறார்கள். 1991இல் ஜுவெல் கோமஸ் ‘த கில்டா ஸ்டோரீஸ்’ எழுதியபோது அதே காட்டேரியை எடுத்துத் திருப்பிப் போட்டார். லூசியானாவில் 1850இல் தப்பி ஓடும் ஓர் அடிமைச் சிறுமி காட்டேரியாகி, பெண்களை நேசித்து, 2050 வரை வாழ்கிறாள். ரத்தம் எடுக்கும்போது கொல்வதில்லை. எடுத்ததற்கு ஈடாக, அந்த மனிதர் கனவில் தேடும் ஏதோ ஒன்றைத் தந்துவிட்டுப் போவாள். சாவில்லாத ஒருத்தி என்றால் தலைமுறை தலைமுறையாகக் குடும்பம் ஒன்றைச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும் இல்லையா? ரத்த உறவால் கைவிடப்பட்டவர்கள் தாங்களே சேர்த்துக்கொள்ளும் குடும்பம் என்பது பால்புதுமையினர் வாழ்க்கையில் பெரிய விஷயம். அதற்குக் காட்டேரிக் கதையை விடப் பொருத்தமான சட்டகம் கிடைப்பது கடினம். இதை வெளியிட்டது ஒரு சின்ன பெண்ணியப் பதிப்பகம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பல்லி மனிதர், ரோபோ, சூனியக்காரி என்று யாரையாவது வைத்துவிட்டு, ‘இவர்கள்தான் தன்பாலீர்ப்பாளர்களுக்கு உருவகம்’ என்று சொல்லிக்கொள்ளும் கதைகள் ஏராளம். உருவகம் மட்டும் இருந்து மனிதர் இல்லாவிட்டால் அந்தக் கதை ஒளித்துவைத்த கதைதான். 1953இல் ஒளித்துவைக்க வேண்டிய நெருக்கடி இருந்தது, இன்று அவ்வளவு இல்லை. இப்போது எழுதுகிறவர்களில் பலர் போகும் வழி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆர்கடி மார்ட்டினின் 2019 நாவல் ‘எ மெமரி கால்டு எம்பயர்’ ஒரு பேரரசின் அரண்மனைச் சதியைப் பற்றியது. நடுவில் இரண்டு பெண்களுக்கு இடையே காதல் மெல்ல வருகிறது. அதைப் பார்த்து யாரும் முகம் சுளிப்பதில்லை, யாரும் விளக்கம் கேட்பதில்லை. அவர்களுக்கு ஆபத்து அரசியலால் வருகிறது, காதலால் வருவதில்லை. எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒன்றைச் சாதாரணமாகக் காட்டுவது எவ்வளவு கடினம் என்று.

சரி, இந்தக் கதைகளைப் படித்தவர்கள் யார், எப்படித் தேடிப் பிடித்தார்கள்? இங்கேதான் எழுத்தாளர் சமூகம் வருகிறது.

1947இல் லாஸ் ஏஞ்சலஸில் ஓர் இளம்பெண் ஸ்டுடியோ ஒன்றில் செயலாளராக வேலை பார்த்தார். மாலையில் ஊர் அறிவியல் புனைகதை ரசிகர் சங்கக் கூட்டங்களுக்குப் போவார். அங்கே அவர் பெயர் டைக்ரினா. அந்தச் சங்கத்துக்காரர்கள் தட்டச்சு செய்து, கையால் சுற்றுக்கு விடும் சின்னச் சின்ன ரசிகர் இதழ்களில் கைதேர்ந்தவர்கள். நம் சிற்றிதழ் மரபு தெரிந்தவர்களுக்கு அந்த வாசனை தெரியும். வேலை முடிந்தாலும் சும்மா உட்காராதே, வேலை செய்வது மாதிரி இரு என்று அவருடைய மேலாளர் சொல்லியிருந்தார். டைக்ரினா தட்டச்சு இயந்திரத்தில் கார்பன் தாள்களைச் செருகி, பெண்களை நேசிக்கும் பெண்களுக்காக ‘வைஸ் வெர்சா’ என்ற இதழை அடிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு இதழையும் முழுதாக இரண்டு முறை அடித்தால்தான் பத்துப் பிரதி கிடைக்கும். தபாலில் அனுப்புவது ஆபத்து என்று தோழி எச்சரித்ததும் கையிலேயே கொடுத்தார், படித்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். ஒன்பது இதழ்கள் வந்தன. அமெரிக்காவில் இப்படிப்பட்ட முதல் இதழ் என்று அறியப்படுவது இதுதான். டைக்ரினா பின்னாளில் லிசா பென் என்ற புனைபெயரில் அறியப்பட்டார். அதே சங்கத்திலிருந்து வந்த ஜிம் கெப்னர் அமெரிக்காவின் மிகப்பெரிய பால்புதுமையினர் ஆவணக் காப்பகங்களில் ஒன்றுக்கு வித்திட்டார். ரசிகர் இதழ் நடத்தும் கைப்பழக்கம் ஓர் உரிமை இயக்கத்தின் முதல் காகிதங்களை உண்டாக்கியது என்பதை அறிவியல் புனைகதை வரலாறு எழுதுகிறவர்கள் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

1970களில் ‘ஸ்டார் ட்ரெக்’ என்ற விண்வெளித் தொலைக்காட்சித் தொடரின் ரசிகைகள் கேப்டன் கிர்க்கும் ஸ்பாக்கும் காதலர்கள் என்று வைத்துக் கதை எழுதித் தங்களுக்குள் சுற்றவிட்டார்கள். 1974இல் ஒரு ரசிகர் இதழில் வந்த முதல் கதையில் பெயர்களே கிடையாது, யார் என்று வாசகரே புரிந்துகொள்ள வேண்டும். இன்று அந்த வழக்கத்தின் பேரப்பிள்ளையான ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’ என்ற ரசிகர் கதைக் களஞ்சியம் 2019இல் ஹியூகோ விருதே வாங்கிவிட்டது. 1983இல் ‘யுரேனியன் வேர்ல்ட்ஸ்’ என்று ஒரு புத்தகம் வந்தது. இந்த வகைக் கதைகள் எங்கெங்கே இருக்கின்றன என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்போடு தொகுத்த பட்டியல் நூல். இணையம் இல்லாத காலத்தில் ஒரு சிறு நகரத்து வாசகருக்கு அதன் அருமை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1988இல் மாசசூசெட்ஸின் ப்ராவின்ஸ்டவுனில் கேலாக்ஸிகான் என்ற பால்புதுமையினர் அறிவியல் புனைகதை மாநாடு தொடங்கியது. அந்த ரசிகர் வலையத்தினர் ஸ்டார் ட்ரெக் தொடரில் தங்களைப் போன்ற ஒருவரைக் காட்டும்படி வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தத் தொலைக்காட்சித் தொடர்களில் ஆண் தம்பதி ஒன்று நிரந்தரப் பாத்திரங்களாக வந்தது 2017இல்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது ஒரு விருதின் கதை. ஜேம்ஸ் டிப்ட்ரீ ஜூனியர் என்ற எழுத்தாளரின் நடையில் தப்பவே முடியாத ஆண்மை இருக்கிறது என்று 1975இல் சக எழுத்தாளர் ஒருவர் முன்னுரை எழுதினார். கொஞ்ச காலத்தில் உண்மை வெளிவந்தது: டிப்ட்ரீ என்பவர் ஆலிஸ் ஷெல்டன் என்ற அறுபது வயதுப் பெண்மணி. சின்ன வயதிலிருந்தே தன் மனதை ஈர்த்தவர்கள் பெண்கள்தான் என்று அவர் பின்னாளில் ஜோனா ரஸ்ஸுக்குக் கடிதத்தில் எழுதினார். விஸ்கான்சின் மாநிலம் மேடிசனில் நடந்த விஸ்கான் என்ற பெண்ணிய மாநாட்டில் 1991இல் பேட் மர்ஃபியும் கேரன் ஜாய் ஃபௌலரும் அவர் பெயரில், பாலினத்தைப் புதிதாக யோசிக்கும் கதைகளுக்கு ஒரு விருதைத் தொடங்கினார்கள். பணத்துக்கு என்ன செய்வது? கேக்கும் பிஸ்கட்டும் சுட்டு விற்றார்கள். சமையல் குறிப்புப் புத்தகமும் போட்டார்கள். ஷெல்டன் தன் கடைசிக் காலத்தில், 1987இல், நோயாளியான கணவரைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டவர். அப்படி ஒரு பெயரில் விருது இருக்கலாமா என்று மாற்றுத்திறனாளி வாசகர்கள் கேட்டதும், நீண்ட விவாதத்துக்குப் பிறகு, 2019இல் ‘அதர்வைஸ் விருது’ என்று பெயரை மாற்றினார்கள். லெ குவின் விஷயத்தில் பார்த்த அதே குணம்.

நமக்கு நெருக்கமான ஒரு பெயரும் இதில் இருக்கிறது. மேரி ஆன் மோகன்ராஜ் கொழும்பில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்து இரண்டு வயதில் அமெரிக்கா போனவர், இருபாலீர்ப்பு உள்ளவர் என்பதை ஒளிக்காமல் சொல்பவர். 2000இல் ‘ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ்’ என்ற இணைய இதழைத் தொடங்கியவர் அவர்தான். அதை நடத்துவது சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள், பணம் வாசகர்களின் நன்கொடை, ஆனால் எழுதுகிறவர்களுக்கு மட்டும் ஒழுங்காகச் சன்மானம். வெள்ளையர் அல்லாதவர்களும் பால்புதுமையினரும் ஊகப் புனைவுக்குள் நுழைந்த முக்கியமான வாசல்களில் இது ஒன்று. அவர் 2013இல் எழுதிய ‘த ஸ்டார்ஸ் சேஞ்ச்’ தெற்காசியர்கள் குடியேறிய ஒரு கிரகத்தில் போர் மூளும் ஓர் இரவில் நடக்கிறது.

இந்த வட்டம் கைமாறும் விதத்தை ஒரே சங்கிலியில் காட்டலாம். அமெரிக்காவில் 1968 முதல் கிளேரியன் என்ற எழுத்துப் பட்டறை நடக்கிறது. ஆறு வாரம், ஆசிரியர்கள் மாறி மாறி வருவார்கள். மாணவர் எழுதிய கதையை எல்லோரும் படித்துவிட்டு வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கருத்துச் சொல்வார்கள். எழுதியவர் தன் முறை வரும்வரை வாய் திறக்கக் கூடாது. 1970இல் டிலேனி அங்கே பாடம் எடுத்தபோது மாணவியாக இருந்தவர் ஆக்டேவியா பட்லர், பின்னாளில் கறுப்பின அறிவியல் புனைகதையின் பெரும் பெயர். 2006இல் அவர் இறந்த பிறகு அவர் பெயரில் ஓர் உதவித்தொகை உருவானது. சியாட்டிலில் நடக்கும் சகோதரப் பட்டறைக்கு 2012இல் அந்தத் தொகையோடு போனவர்களில் ஒருவர் கொல்கத்தாவின் இந்திரபிரமித் தாஸ். அவருடைய முதல் நாவல் ‘த டெவரர்ஸ்’ 2015இல் இந்தியாவில் வெளியானது. கொல்கத்தாவில் ஒரு வரலாற்றுப் பேராசிரியரைச் சந்திக்கும் அந்நியர், தான் பாதி ஓநாய் என்கிறார். ஷாஜகான் காலத்துத் தோல் சுவடிகளைப் பெயர்த்தெழுதக் கொடுக்கிறார். ஆணா பெண்ணா, மனிதனா மிருகமா என்ற எல்லைகள் எல்லாம் அந்த நாவலில் உருகிப்போகின்றன, பேராசிரியரின் சொந்த ஆசைகளும் வெளிவருகின்றன. அது வெளிவந்தபோது இந்தியாவில் தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377ஆவது சட்டப் பிரிவு நடைமுறையில் இருந்தது, 2018 செப்டம்பரில்தான் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. 2017இல் நாவலுக்கு, பால்புதுமையினர் இலக்கியத்துக்கான லாம்டா விருது கிடைத்தது.

கொழும்பின் வஜ்ர சந்திரசேகரவையும் சொல்லியாக வேண்டும். 2023இல் வந்த ‘த செயின்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்’ நெபுலா விருது பெற்றது. தன் தந்தையான மகானைக் கொல்லவே தாயால் வளர்க்கப்பட்ட ஃபெட்டர், ஊரை விட்டு ஓடி ஒரு பெருநகரத்தில் வாழ்கிறான். அவனுக்கு ஹெஜ் என்ற காதலன். அந்த நாவலில் இருக்கும் இனக் கலவரமும் முகாம்களும், மனிதர்களைப் பிரித்துப் பெயரிடும் அதிகாரமும் இலங்கைத் தமிழர்களுக்கு அறிமுகம் தேவைப்படாதவை.

புதிதாகப் படிக்கத் தொடங்குகிறவர்கள் ரஸ்ஸின் சிறுகதையிலிருந்து ஆரம்பிக்கலாம், அரை மணி நேரம் போதும். அடுத்து ஸ்டர்ஜன். லெ குவினின் நாவல் முதல் பாதியில் நிதானமாகத்தான் நகரும், பனிவெளி வரும்வரை விட்டுவிடாதீர்கள். டிலேனியின் சிறுகதைகளைப் படித்த பிறகு நாவல்களுக்குப் போங்கள், பல நூறு பக்கமுள்ள ‘தால்கிரென்’ முதல் புத்தகமாக வேண்டாம். ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ் கதைகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. எழுதும் எண்ணம் உள்ளவர்கள் அதன் துணை இதழான ‘சமோவார்’ பக்கமும் போய்ப் பாருங்கள். 2017இல் மொழிபெயர்ப்புகளுக்கென்றே தொடங்கியது அது. கதையின் ஆங்கில வடிவத்தோடு, முதலில் எழுதப்பட்ட மொழியிலேயே மூலத்தையும் சேர்த்து வெளியிடுவது அவர்கள் வழக்கம்.